குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறையாமல் காப்பது எப்படி: ரொறன்ரோ வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

குழாய் உறைந்த இரவில் வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, குளிர் விட்டதும், பேஸ்மென்ற் சீலிங்கில் ஈரம் படரும்போதுதான் தெரியவரும். ஐஸ் இருக்கும்வரை அந்த ஐஸே வெடிப்பை அடைத்துக்கொண்டிருக்கும். அது கரைந்ததும் வீதிக் குழாயின் முழு அழுத்தத்தோடு தண்ணீர் கொட்டத் தொடங்கும். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், எல்லோரும் வேலைக்குப் போன எட்டு மணி நேரத்தில் 4,800 லீற்றர். பேஸ்மென்றில் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தால் அவர்களுடைய கட்டில், கார்பெற், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதற்குள்தான்.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களையும் பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மொன்றியல், ஒட்டாவா வீடுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு: பால்கனிக் கதவையும் யன்னலையும் குளிரில் திறந்து விட்டுப் போகாமல், உங்கள் யூனிற்றின் தண்ணீர் வால்வு எங்கே என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

குழாய் ஏன் வெடிக்கிறது

தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அந்தப் பருமன் குழாயின் சுவரை நேராகத் தள்ளி உடைக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குளிர் தாக்கும் இடத்தில் ஐஸ் ஒரு அடைப்பாகக் கட்டி, குழாய் நெடுக வளரும். வீதிப் பக்கத்தில் உள்ள தண்ணீர் பின்னால் தள்ளுப்பட்டு வீதிக் குழாய்க்கே திரும்பிவிடும், அங்கே ஆபத்தில்லை. பைப் (தண்ணீரைத் திறந்து பூட்டும் முனை) பக்கத்தில் உள்ள தண்ணீருக்குத்தான் போக்கிடம் கிடையாது. ஒரு பக்கம் ஐஸ், மறுபக்கம் பூட்டிய பைப். ஐஸ் வளர வளர அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே செப்புக் குழாய் நீளவாக்கில் பிளக்கும். உறைந்த இடத்திலிருந்து சில அடி தள்ளி, சூடான அறைக்குள்ளேயே வெடிப்பு இருப்பது இதனால்தான். பைப்பைக் கொஞ்சம் கசிய விடச் சொல்வதற்கும் இதுதான் காரணம். கசிவு குழாயைச் சூடாக்காது. நெருக்கப்பட்ட தண்ணீருக்கு ஒரு வழி விடுகிறது.

எத்தனை பாகையில் பயப்படவேண்டும்? 1990களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் கட்டட ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சூடாக்கப்படாத கூரை அறையில், எந்த உறையும் போடாத குழாய்களில், வெளியே 20 பாகை ஃபரன்ஹைட் வந்தபோது ஆபத்து தொடங்கியது. செல்சியஸில் ஏறத்தாழ மைனஸ் 7. எங்கள் வீடுகளில் குழாய் பெரும்பாலும் சூடான பகுதிக்குள் ஓடுவதால் மைனஸ் 7 இரவில் ஒன்றும் ஆகாது. ஆனால் கராஜுக்குள்ளோ கோல்ட் ரூமுக்குள்ளோ (முன்வாசல் படிக்குக் கீழே உள்ள சூடாக்கப்படாத அறை) ஓடும் குழாய்க்கு அந்த எண் பொருந்தும்.

குழாய் எங்கே ஓடுகிறது என்பது குளிரின் அளவைவிட முக்கியம். 2021 பெப்ரவரியில் ரெக்ஸஸில் வந்த புயலின்போது ஹூஸ்ரனில் வெப்பநிலை மைனஸ் 10 அளவுக்குத்தான் இறங்கியது. ஸ்காபரோவில் அது சாதாரண ஜனவரிக் காலை. அங்கே பல வீடுகளில் குழாய் கூரைக்குள் ஓடுகிறது, மின்சாரமும் போனது, வீடு வீடாகக் குழாய் வெடித்தது.

கடையில் விற்கும் ஃபோம் உறையை வாங்கிச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. போர்வை உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்குமே தவிர, தானாகச் சூடு தராது, ஃபோமும் அப்படித்தான். குழாய் உறையக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். குழாயைக் காப்பது வீட்டின் சூடு. அந்தச் சூடு குழாய்வரை போக வழி செய்வது, குளிர்காற்று வரும் வழியை அடைப்பது, இரண்டும் முடியாத இடத்தில் குழாயிலிருந்து தண்ணீரையே எடுத்துவிடுவது: கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

படி 1: மெயின் வால்வைத் தேடுங்கள் (ஒக்ரோபர் முதல் வாரம்)

வீதியிலிருந்து வரும் குழாய் பேஸ்மென்றின் முன்சுவரில் அல்லது தரையில் உள்ளே நுழையும். அதற்குப் பக்கத்தில்தான் தண்ணீர் மீற்றரும் மெயின் வால்வும் இருக்கும். பேஸ்மென்றை முடித்து அறை கட்டிய வீடுகளில் அது அலுமாரிக்குள்ளோ, சுவரில் வெட்டிய சின்னக் கதவுக்குப் பின்னாலோ மறைந்து கிடக்கும். சில வீடுகளில் டிறைவோல் (ஜிப்சம் சுவர்ப் பலகை) போட்டு மூடியே விட்டிருப்பார்கள். அப்படியென்றால் இப்போதே சுவரை வெட்டி ஒரு கதவு வையுங்கள். தண்ணீர் கொட்டும் இரவில் சுத்தியலோடு தேட முடியாது.

வால்வு இரண்டு வகை. கைப்பிடி ஒரு நீட்டுத் தகடாக இருந்தால் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். தகடு குழாய்க்குக் குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. வட்டச் சக்கரமாக இருந்தால் வலப்பக்கம் பல சுற்றுச் சுற்ற வேண்டும். பழைய சக்கர வால்வுகள் வருடக்கணக்கில் தொடாமல் இறுகிப் போயிருக்கும், அல்லது பூட்டினாலும் முழுதாகப் பூட்டாது. ஒருமுறை பூட்டி, குசினிப் பைப்பைத் திறந்து, தண்ணீர் உண்மையில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றுங்கள். ஒக்ரோபரில் அவர் சொல்லும் நாளில் வருவார். ஜனவரியில் மைனஸ் 25 அடிக்கும்போது ஊரே அவரைத் தேடும்.

வால்வில் ஒரு சிவப்பு அட்டை கட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டுங்கள், பேஸ்மென்றில் இருப்பவர்களுக்கும்தான். மேலே வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்க, கீழே தண்ணீர் கொட்ட, வால்வு இருக்கும் அறை பூட்டிக் கிடக்கும் நிலைமை பல வீடுகளில் இருக்கிறது. அந்த அறையின் திறப்பு கீழே இருப்பவர்களிடமும் இருக்கவேண்டும்.

படி 2: ஆபத்தான இடங்களைக் குறியுங்கள்

டோர்ச் லைற்றோடு வீட்டை ஒருமுறை சுற்றுங்கள். பார்க்கவேண்டியவை: வெளிச்சுவரோடு ஒட்டிய குசினி சிங்க், கராஜுக்கு மேலே கட்டிய அறையின் குளியலறை, கராஜுக்குள் வரும் குழாய், அத்திவாரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக் கட்டிய பகுதியின் தரை, வெளிச்சுவர் ஓரம் வைத்த சலவை இயந்திரம்.

கோல்ட் ரூமைத் தனியாகப் பாருங்கள். முன்வாசல் படிக்குக் கீழே, பேஸ்மென்றோடு சேர்த்துக் கட்டிய அந்தச் சின்ன அறையில் எங்கள் ஆட்கள் அரிசி மூட்டையும் வெங்காயமும் ஊறுகாய்ப் போத்தலும் வைப்பார்கள். அது சூடாக்கப்படாத அறை. வெளிக்காற்று வர ஓட்டையும் உண்டு. முன்பக்க வெளிப்பைப்புக்குப் போகும் குழாய் பல வீடுகளில் அதற்குள்ளால்தான் ஓடுகிறது. சில வீடுகளில் மீற்றரே அந்தச் சுவரோரம் இருக்கும். மீற்றர் உறைந்து உடைந்தால் மாற்றும் செலவு பொதுவாக வீட்டுக்காரர் தலையில் விழும். கோல்ட் ரூம் கதவு நன்றாகப் பூட்டவேண்டும், கதவின் ஓரங்களில் ரப்பர் பட்டி இருக்கவேண்டும். குழாய் அந்த அறைக்குள் ஓடுகிறதென்றால் அதை இடம் மாற்றுவதுதான் நிரந்தர வழி. காற்று ஓட்டையை நிரந்தரமாக அடைத்தால் அறை பூஞ்சணம் பிடிக்கும், அதைச் செய்யாதீர்கள்.

படி 3: வெளிப்பைப்பை வடியுங்கள் (முதல் உறைபனிக்கு முன்)

இந்த ஊரில் மிக அதிகமாக வெடிப்பதும், மிக மலிவாகத் தடுக்கக்கூடியதும் இதுதான். தேவைப்படுவது ஒரு வாளி, ஒரு குறடு, பத்து நிமிடம்.

முதலில் வெளியே போய் ஹோஸைக் கழற்றுங்கள். அதில் பொருத்திய பிரிப்பான், ரைமர் எதுவும் பைப்பில் தொங்கக்கூடாது. பிறகு பேஸ்மென்றுக்குள் வந்து, வெளிப்பைப்புக்குப் போகும் குழாயில் இருக்கும் சின்ன வால்வைப் பூட்டுங்கள். அது பெரும்பாலும் சீலிங்குக்குக் கிட்ட, வெளிச்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருக்கும். திரும்ப வெளியே போய் பைப்பை முழுதாகத் திறந்து விடுங்கள். தண்ணீர் கொஞ்சம் வந்து நிற்கும்.

இங்கேயே முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வால்வுக்கும் சுவருக்கும் நடுவில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. உள்ளே இருக்கும் அந்த வால்வின் பக்கவாட்டில், ஒரு நாணயத்தைவிடச் சிறிய பித்தளை மூடி ஒன்று இருக்கும். வாளியைக் கீழே பிடித்துக்கொண்டு அந்த மூடியைக் குறட்டால் மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். வெளியே பைப் திறந்திருப்பதால் காற்று புகுந்து, மிச்சத் தண்ணீர் களக் களக்கென்று வாளிக்குள் இறங்கும், ஒரு கோப்பை அளவு. மூடிக்குள் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது வாளிக்குள் விழுந்தால் தண்ணீரைக் கொட்ட முன் தேடி எடுங்கள். அது இல்லாமல் மூடியைப் பூட்டினால் வசந்தத்தில் அங்கேயே ஒழுகும். வடிந்து முடிந்ததும் மூடியைப் பூட்டுங்கள். வெளியே உள்ள பைப்பை மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே விடுங்கள்.

வடித்த பிறகும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் உள்வால்வு சரியாகப் பூட்டவில்லை என்று பொருள். அந்தச் சொட்டுகளே போதும் குழாயை நிரப்பி உறைய. வால்வை மாற்றவேண்டும்.

புதிய வீடுகளில் ‘உறையாத பைப்’ என்று ஒரு வகை போட்டிருப்பார்கள். அதன் தண்டு நீளம். தண்ணீரை நிறுத்தும் இடம் சுவருக்கு உள்ளே, சூடான பக்கத்தில் இருக்கும். நல்ல சாமான்தான், ஆனால் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்டுக்குள் நிற்கும் தண்ணீர் வடியாது, அதுவும் வெடிக்கும். பெயரை நம்பி ஹோஸை விட்டுவைக்காதீர்கள்.

படி 4: காற்றை அடையுங்கள், உறை பிறகு

நின்ற குளிர்காற்றைவிட ஓடும் குளிர்காற்று குழாயிலிருந்து சூட்டை மிக விரைவாக உறிஞ்சும். சுவரில் ஒரு பென்சில் அளவு ஓட்டை, அதற்கு நேரே ஒரு செப்புக் குழாய், வெளியே வடமேற்குக் காற்று: மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஓரடி உறையும்.

காற்று வீசும் ஒரு குளிர்நாளில், கையை நனைத்துக்கொண்டு பேஸ்மென்ற் சீலிங் ஓரமாக, அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் நெடுக நீட்டிப் பாருங்கள். இன்ரர்நெற் கேபிள் நுழையும் ஓட்டை, டிரையர் குழாய் வெளியேறும் இடம், காஸ் குழாய் ஓரம், பழைய யன்னல் சட்டம் எல்லாம் கைக்குத் தெரியும். சின்ன வெடிப்புக்கு கோக் (வெடிப்பை அடைக்கும் பசை) போதும். பெரிய ஓட்டைக்கு ஸ்பிறே ஃபோம். கனேடியன் ரயரிலோ ஹோம் டிப்போவிலோ சில டொலருக்குக் கிடைக்கும். காஸ் ஹீற்றர், ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) இவற்றின் சூடான புகைக்குழாயைச் சுற்றி சாதாரண ஃபோம் அடிக்காதீர்கள். அதற்குத் தீ தாங்கும் சாமான் தனியாக உண்டு.

அதற்குப் பிறகுதான் உறை. வீட்டுக் குழாய் பெரும்பாலும் அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குலம். அளவு பார்த்து வாங்குங்கள். உறையின் நீளப் பிளவை ரேப் போட்டு மூடவேண்டும். வளைவுகளில் வெட்டிப் பொருத்தவேண்டும். இரண்டு அங்குலம் வெறுமனே விட்டால் உறைவது அந்த இரண்டு அங்குலமாகத்தான் இருக்கும்.

வெளிச்சுவருக்குள் ஓடும் குழாய்க்கு ஒரு விதி: சூடு காக்கும் பஞ்சு குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்கவேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தால், வீட்டுச் சூடு குழாய்க்குப் போகாமல் நீங்களே மறித்துவிட்டீர்கள். குசினியைப் புதுப்பிக்கும்போது இதைத் தவறாகச் செய்யும் கொன்ராக்ரர்கள் இருக்கிறார்கள். சுவரை மூட முன் நின்று பாருங்கள். முடிந்தால் அந்த நேரத்திலேயே குழாயை உள்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

செப்புக்குப் பதிலாக பெக்ஸ் பிளாஸ்ரிக் குழாய் போட்ட வீடுகளில் ஆபத்துக் குறைவு. அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் இணைப்புகள் விரியாது. பெக்ஸும் உறையும், தண்ணீரும் நிற்கும்.

மின்சூட்டு வயர்

இடம் மாற்ற முடியாத, வீட்டுச் சூடும் எட்டாத குழாய்க்கு மின்சாரத்தில் சூடாகும் வயரை ஒட்டலாம். வாங்கும்போது குளிருக்கு ஏற்பத் தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகையைக் கேளுங்கள்; சிஎஸ்ஏ என்ற கனேடியப் பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும். சூடு மாறாத பழைய வகையில் வயர் மேல் வயர் குறுக்கே போனால் அந்த இடம் கருகும். ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் அமைப்பு) உள்ள பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்ரென்ஷன் வயர் வேண்டாம். மேலே உறை போடலாமா, எவ்வகை உறை என்பது பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கும்; அதன்படி மட்டும் செய்யுங்கள். மின்சாரம் போனால் இதுவும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் இதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறேன்.

படி 5: கடுங்குளிர் எச்சரிக்கை வந்த இரவில்

மைனஸ் 15க்குக் கீழே, காற்றோடு, என்று வானிலைச் செய்தி சொன்னால் அன்றிரவு தேர்மோஸ்ரற்றை (வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் கருவி) இறக்காதீர்கள். வழக்கமாக இரவில் 17க்கு இறக்கிக் காஸ் செலவைக் குறைப்பவர்கள் நிறைய. மற்ற நாட்களில் அது நல்ல பழக்கம். இந்த இரண்டு மூன்று இரவுகளில் மட்டும் பகலும் இரவும் ஒரே அளவில் விடுங்கள். மிச்சம் பிடிக்கும் சில டொலர், வெடித்த குழாய்க்கு முன்னால் ஒன்றுமில்லை.

வெளிச்சுவர் ஓரம் உள்ள சிங்குகளின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறைச் சூடு உள்ளே போகட்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அங்கே வைத்த பிளீச், டிரெயின் கழுவும் போத்தல் எல்லாவற்றையும் முதலில் உயரத்துக்கு மாற்றுங்கள். பயன்படுத்தாத அறை என்று சூட்டுத் துவாரத்தைப் பூட்டி, கதவையும் சாத்தி வைத்திருந்தால் திறந்து விடுங்கள். கராஜுக்கு மேலே உள்ள அறைக்கு இது கட்டாயம். கராஜ் கதவை ஸ்நோ தள்ளும் நேரம் முழுக்கத் திறந்தபடி விடாதீர்கள்.

ஆபத்தான குழாயின் கடைசியில் உள்ள பைப்பை மெல்லத் திறந்து சொட்ட விடுங்கள். அதே சுவருக்குள் சுடுதண்ணீர்க் குழாயும் ஓடினால் அதையும் திறக்கவேண்டும்; சுடுதண்ணீர்க் குழாயும் நின்றால் குளிரும், உறையும். ஒற்றைக் கைப்பிடிப் பைப் என்றால் நடுவில் வையுங்கள்.

ஃபேர்னஸையும் ஒருமுறை பாருங்கள். இப்போதைய ஃபேர்னஸ்களுக்கு வீட்டின் பக்கச்சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் இருக்கும்: ஒன்று காற்றை இழுக்க, ஒன்று புகையை விட. ஸ்நோ குவிந்து அவற்றை மூடினால் ஃபேர்னஸ் தானே நின்றுவிடும். நள்ளிரவில் அது நின்று, நீங்கள் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டால், விடியும்போது குழாய் உறைந்திருக்கும். ஸ்நோ தள்ளப் போகும்போது வாசலோடு நிற்காமல் அந்தப் பக்கமும் போய் வழித்து விடுங்கள்.

மின்சாரம் போனால்

காஸ் ஃபேர்னஸும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. விசிறிக்கும் பற்றவைப்பதற்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் 22இல் ரொறன்ரோவை மூடிய ஐஸ் புயலில் சுமார் மூன்று இலட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருட்டில் கிடந்தார்கள். நத்தார் முடிந்தும் மின்சாரம் வராத தெருக்கள் இருந்தன.

மின்சாரம் திரும்பும் என்று காத்திருக்கும் முதல் சில மணி நேரத்தில் பைப்புகளைச் சொட்ட விட்டால் போதும். வீட்டுக்குள் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்து, நீங்கள் உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், மெயின் வால்வைப் பூட்டி வடித்துவிட்டுப் போங்கள். அதன் முறை அடுத்த படியில் இருக்கிறது. கரி அடுப்பையோ, பார்பிகியூவையோ, ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கொண்டுவரவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. குழாயைக் காப்பாற்றப் போய் குடும்பமே மயங்கிவிடும்.

படி 6: ஊருக்குப் போகிறீர்களா?

டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ நாலைந்து வாரம் போகிற குடும்பங்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்கவேண்டும். கனடாவின் வீட்டுக் காப்புறுதிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லையென்றால், யாராவது தினமும் உள்ளே வந்து பார்த்துச் சூடு ஓடுவதை உறுதிசெய்ய வேண்டும், அல்லது தண்ணீரைப் பூட்டிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள். நாள் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரிக்கெற் போட்ட கையோடு உங்கள் காப்புறுதி முகவரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“பக்கத்து வீட்டு அண்ணா இடைக்கிடை பார்ப்பார்” என்பது போதாது. காருக்குள் இருந்தபடி வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் ஃபேர்னஸ் நின்றது தெரியாது. திறப்பைக் கொடுத்து, உள்ளே வந்து, தேர்மோஸ்ரற்றில் எண்ணைப் பார்த்து, அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். தேதியோடு உள்ள படங்கள் நாளைக்குக் காப்புறுதிக்காரர் கேட்டால் காட்டவும் உதவும்.

என் கருத்தில் இரண்டையும் செய்வதுதான் நல்லது: ஆளும் வரட்டும், தண்ணீரும் பூட்டியிருக்கட்டும். செய்யும் ஒழுங்கு இது.

1. மெயின் வால்வைப் பூட்டுங்கள்.
2. சுடுதண்ணீர்த் தாங்கி காஸில் ஓடினால் அதன் குமிழை விடுமுறை நிலைக்குத் திருப்புங்கள். மின்சாரத் தாங்கி என்றால் பிரேக்கரை நிறுத்துங்கள். வாடகைத் தாங்கிதான் என்றாலும் இதை நீங்களே செய்யலாம்.
3. மேல்மாடியிலிருந்து தொடங்கி எல்லாப் பைப்பையும் திறங்கள், சூடும் குளிரும். பிறகு பேஸ்மென்றில் மிகத் தாழ்வான பைப்பைத் திறங்கள். பெரும்பாலும் அது சலவைத் தொட்டியின் பைப். மேலே உள்ள தண்ணீர் அதன் வழியாக இறங்கும்.
4. ரொயிலற்றுகளை ஒருமுறை ஃபிளஷ் பண்ணுங்கள்.
5. ஃபேர்னஸை நிறுத்தாதீர்கள். 13 பாகைக்குக் கீழே வைக்கக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. நான் 16 வைப்பேன்.

பேஸ்மென்றில் ஆள் இருந்தால் மெயினைப் பூட்ட முடியாது. அந்த வீடுகளில் மேல்வீட்டுக்கு மட்டும் தனி வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்குச் சூடும் வேண்டும்: ஒன்ராறியோ சட்டப்படி, சூட்டை வீட்டுக்காரர் தரும் வாடகை வீடுகளில் செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்கவேண்டும். தேர்மோஸ்ரற் மேலே, ஆள் கீழே என்றால் 16க்கு இறக்கிவிட்டுப் பறக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. ரொறன்ரோவின் பழைய வீடுகளில் ஃபேர்னஸுக்குப் பதில் பொயிலரும் இரும்பு ரேடியேற்றர்களும் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் தேவை. அத்தகைய வீட்டில் மெயினைப் பூட்ட முன் பொயிலர் பார்க்கும் ஆளிடம் கேளுங்கள்.

படி 7: நிலத்துக்குக் கீழே வரும் குழாய்

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் ஒருநாள் காலை எந்தப் பைப்பிலும் தண்ணீர் வராமல் போகலாம். வீதியிலிருந்து வரும் குழாய் மண்ணுக்குள் உறைந்திருக்கிறது. 2015 பெப்ரவரி ரொறன்ரோவில் மிகக் கடுமையாக இருந்தது. அந்த மாதம் இப்படி உறைந்த வீடுகள் ஏராளம். வினிப்பெக்கில் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. மண்ணுக்குள் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். வெளியே வெயில் எறிக்கத் தொடங்கிய மார்ச்சில்கூட அது கீழே போய்க்கொண்டிருக்கும். “இனிப் பயமில்லை” என்று நினைக்கும் நேரத்தில்தான் இந்தக் குழாய் உறையும்.

இதற்கு வீட்டுக்காரர் செய்யக்கூடியது தண்ணீரை ஓட விடுவதுதான். முன்பு ஒருமுறை உறைந்த வீடு, அல்லது அக்கம்பக்கத்தில் உறைந்த வீடு இருந்தால், நீண்ட கடுங்குளிரில் ஒரு குளிர்தண்ணீர்ப் பைப்பைப் பென்சில் ஊசி அளவு தாரையாக, இரவும் பகலும் ஓட விடுங்கள். சொட்டு இதற்குப் போதாது. வினிப்பெக் நகரசபை ஆபத்தான வீடுகளுக்கு ஓட விடும்படி அறிவித்தலே அனுப்புகிறது. ரொறன்ரோவில் தண்ணீர் முழுதாக நின்றால் நகரசபையின் 311 எண்ணைக் கூப்பிடுங்கள். காணி எல்லைவரை உள்ள குழாய் நகரசபையுடையது, அதற்கு உள்ளே உங்களுடையது.

உறைந்துவிட்டால்

ஒரு பைப்பில் மட்டும் தண்ணீர் நூலாக வருகிறது, அல்லது வரவில்லை. மற்றப் பைப்புகளில் வருகிறது. அப்படியென்றால் அந்தப் பைப்புக்குப் போகும் வழியில் எங்கோ ஐஸ்.

பைப்பைத் திறந்தபடி விடுங்கள். கரையும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். ஒருவரை மெயின் வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், ஏனென்றால் குழாய் ஏற்கெனவே பிளந்திருந்தால் கரைந்த அந்த நிமிடம்தான் தெரியும். குழாயைத் தொட்டுக்கொண்டே போங்கள். வெளியே வெண்மையாக உறைபனி படிந்த இடம், சற்று வீங்கிய இடம், மற்ற இடத்தைவிடக் கடுமையாகக் குளிரும் இடம் எங்கே என்று பாருங்கள். ஹெயார் டிரையரைப் பைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஐஸ் இருக்கும் பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் கரைந்த தண்ணீர் இரண்டு ஐஸ் அடைப்புக்கு நடுவில் மாட்டும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சுற்றுவதும் நல்லது. தரையில் தண்ணீர் நின்றால் மின்சாரச் சாமான் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

காஸ் ரோர்ச்சை எடுக்கவே வேண்டாம். குழாய்க்குள் தண்ணீர் கொதித்து நீராவியாகி வெடிக்கலாம். சுவருக்குள் உள்ள மரம் உங்களுக்குத் தெரியாமல் புகைந்து, நீங்கள் தூங்கிய பிறகு தீப்பிடிக்கலாம். ஐஸ் சுவருக்குள் இருந்து கைக்கு எட்டாவிட்டால் வீட்டுச் சூட்டை ஏற்றி, அலுமாரிக் கதவுகளைத் திறந்து, காத்திருங்கள். அரை நாளில் அசையாவிட்டால் பிளம்பர்.

வெடித்துவிட்டால்

மெயினைப் பூட்டுங்கள். எல்லாப் பைப்பையும் திறந்து மிச்ச அழுத்தத்தை இறக்குங்கள். தண்ணீர் மின்சாரப் பெட்டிக்கோ பிளக்குகளுக்கோ கிட்ட வந்திருந்தால், தண்ணீருக்குள் நின்றுகொண்டு பிரேக்கரைத் தொடாதீர்கள். மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியே துண்டிக்கச் சொல்லுங்கள். எதையும் தூக்கி எறிய முன் படமும் வீடியோவும் எடுங்கள். வெடித்த குழாய்த் துண்டைப் பிளம்பரிடமிருந்து வாங்கி வையுங்கள், காப்புறுதிக்காரர் கேட்பார். பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களின் சாமானுக்கு வீட்டுக்காரரின் காப்புறுதி பணம் தராது. அவர்கள் தனியாக வாடகைக்காரர் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். இது பலருக்குத் தெரிவது தண்ணீர் புகுந்த பிறகுதான். ஈரமான டிறைவோலும் கார்பெற்றும் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், எனவே உலர்த்தும் வேலை அன்றே தொடங்கவேண்டும்.

ஏப்ரலில் திரும்பத் திறக்கும்போது

வெளிப்பைப்பைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே பைப்பைப் பூட்டிவிட்டு நிற்கட்டும். மற்றவர் பேஸ்மென்றில், பித்தளை மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, உள்வால்வை மெல்லத் திறக்கட்டும். பிறகு வெளியே இருப்பவர் பைப்பைத் திறந்து, தண்ணீர் ஓடும்போது விரலால் வாயை அரைவாசி அடைக்கட்டும். உள்ளே இருப்பவர் சுவரோரத்தைப் பார்க்கட்டும். உறையாத பைப் வகையில் பிளவு சுவருக்குள் இருக்கும். பைப் பூட்டியிருக்கும்போது அதில் தண்ணீர் நிற்காது, திறக்கும்போதுதான் ஒழுகும். குளிர்காலத்தில் வெடித்த பைப், ஜூனில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது பேஸ்மென்ற் சுவரை நனைப்பது இப்படித்தான். உள்ளே ஒரு துளி தெரிந்தாலும் உள்வால்வைத் திரும்பப் பூட்டிவிட்டு, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.